காய்கறி வெட்டும் இரவிலிருந்து தொடங்குவோம்: தலைமுறை இணைப்புத் திட்டம் என்றால் என்ன?

முதியோர் இல்லத்தின் வாசலில் ஒரு கல்லூரிப் பேருந்து வந்து நிற்கிறது. மாணவர்கள் இறங்கி வரிசையாக உள்ளே போகிறார்கள். கேக் வெட்டுகிறார்கள், இரண்டு நடனம் ஆடுகிறார்கள், போர்வை கொடுக்கிறார்கள், குழுப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். ஒன்றரை மணி நேரத்தில் பேருந்து கிளம்பிவிடுகிறது. வந்தவர்களின் மனதில் நல்ல எண்ணம்தான் இருந்தது, அதில் சந்தேகமில்லை. ஆனால் படத்தில் தோள் தொட்டு நின்ற பாட்டியின் பெயர் அந்த மாணவிக்குத் தெரியாது. மாணவி எந்த ஊர்ப் பிள்ளை என்று பாட்டிக்கும் தெரியாது.

இதைத்தான் நம் ஊரில் பலர் ‘தலைமுறைகளை இணைக்கும் நிகழ்ச்சி’ என்கிறார்கள். வேறு சிலர், பெரியவர் ஒருவரை மேடையேற்றிப் பிள்ளைகளுக்கு அறிவுரை சொல்ல வைப்பதற்கு அந்தப் பெயரைக் கொடுக்கிறார்கள். இளைஞர்கள் முதியவர்களுக்கு மருந்து வாங்கிக் கொடுப்பதையும் அப்படிச் சொல்வதுண்டு. இவை எல்லாமே தேவையான காரியங்கள்தான். ஆனால் முதலாவது ஒரு வருகை, இரண்டாவது ஒரு சொற்பொழிவு, மூன்றாவது ஒரு சேவை. தலைமுறை இணைப்புத் திட்டம் இவற்றிலிருந்து வேறுபட்ட ஒன்று. அது எப்படி இயங்குகிறது என்பதை கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்கள் வெளியே போய்க் கற்க வேண்டியதில்லை. நம் கல்யாண வீடுகளிலேயே அது இருந்தது.

கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி

நாகர்கோவில் பக்கமோ தக்கலை பக்கமோ, கல்யாணத்துக்கு முந்தின நாள் இரவு பந்தலில் தார்ப்பாய் விரித்து, அக்கம்பக்கத்தார் எல்லோரும் காய்கறி வெட்ட உட்காருவார்கள். அவியலுக்கு விரல் நீளத்தில் வெட்டணும், துவரனுக்குப் பொடியாக அரியணும், சேனை சீவும் முன் கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளணும், இல்லையென்றால் அரிப்பு விடாது. இதையெல்லாம் சொல்ல ஒரு பெரியவர் இருப்பார். சாக்குச் சாக்காகக் கிடக்கும் வெள்ளரியையும் தடியங்காயையும் விடிவதற்குள் வெட்டி முடிக்க அவர் கைக்கு வலு போதாது. பதினெட்டு வயதுக் கைகளுக்கு வலு உண்டு, அளவு தெரியாது. முருங்கைக்காயை நீளம் தப்பி வெட்டினால், ‘மக்கா, இது சாம்பாருக்குள்ளது’ என்று அவர் எடுத்து வேறு பாத்திரத்தில் போடுவார். அதற்குள் கதை வரும், கேலி வரும், யார் யாருக்கு என்ன உறவு என்ற கணக்கும் வரும்.

அந்த இரவில் யாரும் ‘தலைமுறைகள் இணைய வேண்டும்’ என்று நினைத்து உட்காரவில்லை. காய் வெட்டத்தான் உட்கார்ந்தார்கள். உறவு அதன் பக்கவிளைவாக வந்தது. இன்று பல கல்யாணங்களில் சமையல் ஒப்பந்தக்காரரே ஆளையும் காயையும் கொண்டு வந்துவிடுகிறார். வேலைப்பளு குறைந்தது நல்லதே. ஆனால் அதோடு, பதினெட்டும் எழுபத்தைந்தும் ஒரே பாயில் நாலு மணி நேரம் உட்காரும் சந்தர்ப்பமும் போய்விட்டது.

தானாக நடந்துகொண்டிருந்த அந்தச் சந்தர்ப்பத்தை வேண்டுமென்றே ஏற்படுத்துவதுதான் தலைமுறை இணைப்புத் திட்டம். 60 வயதைக் கடந்தவர்களும் பள்ளி, கல்லூரி வயதினரும் ஒரே வேலையைப் பல வாரங்கள் தொடர்ந்து சேர்ந்து செய்ய வேண்டும். அந்த வேலை இரண்டு பக்கத்தாரும் இல்லாமல் முடியாததாக இருக்க வேண்டும். இந்த வரையறையை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால், மேலே சொன்ன கேக் விழா ஏன் இதில் சேராது என்பது விளங்கிவிடும்: அங்கே வேலையும் இல்லை, தொடர்ச்சியும் இல்லை.

ஒரே வீட்டில் இருந்தால் போதாதா?

‘எங்கள் வீட்டில் மூன்று தலைமுறை இருக்கிறது, எங்களுக்கு எதற்குத் திட்டம்?’ என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். மார்த்தாண்டத்தில் பேருந்து ஏறி நாகர்கோவில் வரைக்கும் ஒரு பெரியவரும் ஒரு மாணவனும் ஒரே இருக்கையில் தோள் உரச வருகிறார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. இறங்கும்போது ஒருவரைப் பற்றி ஒருவருக்கு எதுவும் தெரியாது. பல வீடுகளும் அந்தப் பேருந்து மாதிரிதான் ஆகிவிட்டன. பேரன் டியூஷன் முடிந்து வந்து அறைக்குள் போகிறான், பாட்டி தொலைக்காட்சி முன் இருக்கிறார். இரண்டு தலைமுறையும் ஒரே கூரையின்கீழ் இருக்கின்றன, இடையில் எதுவும் நடக்கவில்லை.

நம் மாவட்டத்துக்கே உரிய இரண்டு காரணங்கள் இதை இன்னும் கூட்டுகின்றன. பிள்ளைகள் வளைகுடா நாடுகளிலோ சென்னை, பெங்களூரிலோ வேலைக்குப் போய்விட, பெரிய வீட்டில் வயதானவர்கள் தனியே இருக்கிறார்கள். மேலும், கல்குளம், விளவங்கோடு பக்கங்களில் வீடுகள் தெருவாக நெருங்கி நிற்பதில்லை. ஒவ்வொரு வீடும் அதனதன் விளைக்குள் (தோட்டத்துக்குள்) தனியாக இருக்கும். நடுவில் வாழையும் ரப்பரும் மதில் சுவரும். திண்ணையில் உட்கார்ந்து தெருவைப் பார்க்கும் வசதி அந்தப் பாட்டிக்குக் கிடையாது.

குலசேகரம், அருமனை பக்கம் ரப்பர் ஒட்டுக்கட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இதை எளிதில் சொல்லிவிடலாம். நல்ல மரத்தின் மொட்டை நாற்றின் பக்கத்தில் வைத்தால் ஒட்டாது. நாற்றின் பட்டையைக் கீறித் திறந்து, மொட்டுள்ள பட்டைத் துண்டை உள்ளே செருகி, பசை உலரும் முன் பிளாஸ்டிக் நாடாவால் இறுக்கிக் கட்ட வேண்டும். ஏறத்தாழ மூன்று வாரம் அதைத் தொடக்கூடாது. பிறகு அவிழ்த்து, லேசாகக் கீறிப் பச்சை தெரிகிறதா என்று பார்ப்பார்கள். தொடும் பரப்பு, இறுக்கிய கட்டு, போதிய நாள் ஆகிய மூன்றில் எது குறைந்தாலும் ஒட்டு பிடிக்காது. மனிதர்கள் விஷயத்தில் தொடும் பரப்பு என்பது சேர்ந்து செய்யும் வேலை. கட்டு என்பது வாரந்தோறும் அதே நாள், அதே ஆட்கள். நாள் என்பது நாள்தான்.

சுருக்கமாக: பக்கத்தில் இருப்பது இணைப்பு ஆகாது. இருவருக்கும் தேவையான ஒரு வேலை, திரும்பத் திரும்ப, போதிய காலம் நடக்க வேண்டும்.

உள்ளே என்ன நடக்கிறது?

இனி இதன் அறிவியல் பக்கத்துக்கு வருவோம். மூன்றே மூன்று சொற்கள் தெரிந்தால் போதும்.

முதல் சொல் வயதுப் பாகுபாடு. ஒருவரின் வயதை மட்டும் வைத்து அவரைப் பற்றி முடிவு கட்டுவது. அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் பட்லர் 1969-இல் இதற்கு ஒரு பெயர் கொடுத்தார். ‘வயசானவருக்கு இனி என்ன புரியப் போகுது’ என்பது வயதுப் பாகுபாடு. ‘இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுப்பே கிடையாது’ என்பதும் அதேதான், இதைப் பலர் கவனிப்பதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட அறிக்கை, முதியவர்களைப் பற்றி உலகில் இரண்டு பேரில் ஒருவருக்கு இத்தகைய எண்ணம் இருப்பதாகச் சொல்கிறது. அதைக் குறைக்க மூன்று வழிகளை அது முன்வைக்கிறது: சட்டமும் கொள்கையும், கல்வி, தலைமுறைகளுக்கு இடையேயான தொடர்பு.

இந்த எண்ணம் பிறரை மட்டும் காயப்படுத்துவதில்லை. ‘எனக்கு இனி எதுவும் வராது’ என்று தன்னைப் பற்றியே ஒருவர் நம்பத் தொடங்கினால் உடம்பும் அதைக் கேட்கிறது. பெக்கா லெவி என்ற ஆய்வாளரின் குழு 2002-இல் வெளியிட்ட முடிவு இது: முதுமையைப் பற்றி நல்லெண்ணம் கொண்டிருந்தவர்கள் மற்றவர்களைவிடச் சராசரியாக 7.5 ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தார்கள். எண்ணம் ஒன்றே காரணம் என்று இதிலிருந்து முடிவுகட்ட முடியாது. ஆனால் ஒதுக்கித் தள்ளக்கூடிய வேறுபாடும் அல்ல அது.

இரண்டாவது சொல் தொடர்புக் கோட்பாடு. கார்டன் ஆல்போர்ட் என்ற உளவியலாளர் 1954-இல் சொன்னது. ஒருவரை ஒருவர் தப்பாக நினைக்கும் இரு கூட்டத்தாரைச் சும்மா சந்திக்க வைத்தால் பலன் குறைவு, சில சமயம் வெறுப்பு கூடவும் செய்யும். நான்கு நிலைமைகள் இருந்தால்தான் நல்ல பலன்: இரு பக்கமும் சம தரம், பொதுவான ஒரு குறிக்கோள், போட்டியில்லாத கூட்டு வேலை, இரு பக்கமும் மதிக்கும் ஒருவரின் ஆதரவு. காய்கறி வெட்டும் பந்தலில் இந்த நான்கையும் தேடிப் பாருங்கள். காலைக்குள் சமையல் தயாராக வேண்டும் என்ற குறிக்கோள் உண்டு. வெட்டுபவரும் அளவு சொல்பவரும் ஒருவரையொருவர் நம்பியிருக்கிறார்கள். கல்யாண வீட்டுக்காரர் சாயா கொடுத்து உபசரிக்கிறார், அது ஆதரவு. தரம் எங்கே சமமாகிறது? எல்லோரும் ஒரே தார்ப்பாயில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

மூன்றாவது சொல்லைத் தமிழில் ஊன்றிப்போகும் வேட்கை என்று சொல்லலாம். தான் போன பிறகும் தன்னுடையது எதுவோ அடுத்த தலைமுறையிடம் இருக்க வேண்டும் என்ற ஆவல் நடுவயதிலிருந்தே மனிதருக்கு ஒரு அடிப்படைத் தேவை என்று எரிக் எரிக்சன் என்ற உளவியலாளர் விளக்கினார். ஈத்தாமொழியில் எழுபது வயதில் ஒருவர் நெட்டைத் தென்னங்கன்று வைக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது காய்க்க ஆறேழு வருடம் ஆகும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் வைக்கிறார். முதியவர்களை ‘பெறுபவர்கள்’ இடத்திலேயே வைத்திருக்கும் போர்வை விழாக்கள் இந்த வேட்கைக்கு இடம் தருவதில்லை. அவர்களுக்குக் கொடுக்க ஏதாவது இருக்க வேண்டும், வாங்கிக்கொள்ள ஒரு கை இருக்க வேண்டும்.

சுருக்கமாக: தப்பெண்ணம் இரண்டு பக்கமும் உண்டு. அதைச் சரியான நிலைமைகளில் நடக்கும் தொடர்பு கரைக்கிறது. பெரியவர்களுக்கு அதில் கொடுக்கும் இடம் கிடைக்கும்போது அவர்கள் தாமாகவே திரும்ப வருகிறார்கள்.

சம தரம் என்றால் மரியாதை போய்விடுமா?

நம் மொழியில் வயதுக்கு மரியாதை வினைச்சொல்லிலேயே இருக்கிறது. ‘வாருங்கள்’ என்பதை ‘வா’ ஆக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. பிள்ளைகள் பாட்டா, பாட்டி என்று அழைக்கட்டும். விளவங்கோட்டில் அப்பூப்பா, அம்மூமா என்று அழைத்தாலும் அழகுதான். சம தரம் என்பது அந்த வேலைக்குள் யாருடைய பங்கும் அலங்காரமாக இருக்கக்கூடாது என்பது. பெரியவர் தப்பாகச் சொன்னால் பிள்ளை ‘இல்லை பாட்டா, இப்படி’ என்று சொல்ல முடிய வேண்டும். பிள்ளை தப்பினால் பெரியவரும் அப்படியே சொல்ல வேண்டும், திட்டாமல்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாக மாற்ற வேண்டும். பெரியவர்களுக்கு நாற்காலி, பிள்ளைகளுக்குத் தரை என்று போட்டால் அது வகுப்பறையாகிவிடும். முட்டி மடக்க முடியாதவர்கள் பலர் இருப்பதால் எல்லோருக்கும் நாற்காலி, நடுவில் மேசை என்பதே சரி.

கிட்டத்தில் பார்ப்போம்: வீடியோ அழைப்பு கற்கும் மேசை

மிகவும் பரவலாக நடப்பதும், மிகவும் பரவலாகக் கெட்டுப்போவதும் செல்போன் வகுப்புதான். எனவே அதையே எடுத்துக்கொள்வோம். மகன் சவூதியில் இருக்கிறான், அவனைப் படத்தோடு கூப்பிடப் பாட்டி கற்க வேண்டும். பக்கத்தில் பதினொன்றாம் வகுப்பு மாணவி.

முதல் தப்பு முதல் நிமிடத்திலேயே நடக்கும். ‘இங்க தா பாட்டி, நான் போட்டுத் தாறேன்.’ பிள்ளையின் விரல் நாலு தட்டு தட்டும், அழைப்பு போய்விடும். பாட்டி கற்றது ஒன்றும் இல்லை, தன்னால் ஆகாது என்பதைத் தவிர. ஆகவே மேசையில் ஒரே ஒரு விதி: பிள்ளையின் விரல் பாட்டியின் திரையைத் தொடக்கூடாது. பிள்ளை தன் போனில் காட்டலாம், பேனாவின் மூடியால் இடத்தைச் சுட்டலாம், அவ்வளவுதான்.

இரண்டாவது, தொடுவதில் உள்ள சிக்கல். வயதானவர்களின் விரல் நுனி உலர்ந்து தடித்திருக்கும், திரை சில நேரம் அதை உணராது. உணரவில்லை என்று அவர் இன்னும் அழுத்திப் பிடிப்பார். திரையோ அதை நீண்ட அழுத்தமாக எடுத்துக்கொண்டு வேறொரு பட்டியலைத் திறக்கும், அல்லது படக்குறி இடம் மாறிவிடும். ‘போன் கெட்டுப்போச்சு’ என்று அவர் பயந்து வைத்துவிடுவார். இதற்கு மூன்று காரியம் செய்யலாம். ஈரத் துணியில் விரலைத் துடைத்துக்கொள்ளச் சொல்லலாம். அமைப்புகளில் அணுகல்தன்மை (Accessibility) பகுதிக்குப் போய், தொட்டுப் பிடிக்கும் நேரத்தை ‘நீளம்’ என்று மாற்றலாம், இதைப் பாட்டி பார்க்கப் பார்க்க அவர் கையாலேயே செய்ய வைக்க வேண்டும். மூன்றாவதாக, ‘தொடு’ என்று சொல்லாமல், ‘தோசைக்கல் காய்ந்திருக்கான்னு தொட்டுப் பார்ப்பீங்கல்லா, அந்த மாதிரி’ என்று சொன்னால் கை உடனே புரிந்துகொள்ளும்.

ஒரு நாளைக்கு ஒரே ஒரு காரியம். முதல் வாரம் அழைப்பை எடுப்பது, அடுத்த வாரம் அழைப்பது, அதற்கடுத்த வாரம் முன்பக்கக் கேமராவைப் பின்பக்கம் மாற்றி முற்றத்து மாமரத்தைக் காட்டுவது. படிகளைப் பாட்டி தன் கையெழுத்தில் தன் நோட்டில் எழுத வேண்டும். பிள்ளை எழுதிக் கொடுத்த தாள் வீட்டில் வேலை செய்யாது. எழுத வராதவர்களுக்குப் படக்குறிகளை வரைந்துகொள்ளச் சொல்லலாம். பச்சை வட்டம், கேமராப் படம், சிவப்பு வட்டம் என மூன்று படம் போதும்.

பயிற்சி அழைப்பை மகனுக்கே போட வேண்டாம். இங்கே சாயங்காலம் 4 மணி என்றால் சவூதியில் பகல் 1.30, துபாயில் 2.30, வேலை நேரம். அழைப்பு எடுக்கப்படாமல் போனால் பாட்டி தான்தான் தப்பு செய்ததாக நினைப்பார். மேசைக்கு மேசை அழைத்துப் பழகிய பிறகு, நேரத்தைச் சொல்லி வைத்து மகனை அழைக்கலாம்.

பணம் அனுப்பும் செயலிகளை இந்த மேசைக்குக் கொண்டுவரவே கூடாது. ரகசிய எண்ணோ, ஒருமுறைக் கடவுச்சொல்லோ பிள்ளைக்குத் தெரிய நேர்ந்தால், பின்னால் எங்கோ ஒரு பணம் காணாமல் போகும்போது பழி அந்தப் பிள்ளை மேல் விழும். மோசடி அழைப்பு வந்தால் துண்டித்துவிட்டு, பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930-ஐ அழைக்க வேண்டும் என்பதை மட்டும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் பெரிதாக எழுதிவைத்துக்கொள்ளட்டும்.

இவ்வளவும் நடந்தாலும் இது இன்னும் பாதித் திட்டம்தான். இதுவரை பிள்ளை கொடுக்கிறது, பாட்டி வாங்குகிறார். திரும்பி வருவது என்ன? அதே சந்திப்பின் மற்றப் பாதியில் பாட்டி பனையோலையில் பெட்டி முடையக் கற்றுத்தரலாம். அப்போது விதி தலைகீழ்: பாட்டியின் கை பிள்ளையின் ஓலையைத் தொடக்கூடாது. ஓலையின் விளிம்பு விரலை அறுக்கும், முதல் பெட்டி கோணலாக வரும். திரையில் தடுமாறிய பாட்டியின் நிலை என்ன என்று அந்தப் பிள்ளைக்கு அப்போதுதான் விளங்கும். இரு பக்கமும் மாறி மாறிக் கொடுத்து வாங்கும் இந்த முறையை இருவழிப் பலன் என்கிறோம். ஒருவழியாக ஓடும் திட்டங்களில் ஒரு பக்கம் சீக்கிரமே களைத்துப்போகும்.

கடற்கரை ஊர்களுக்கு இன்னொன்று

முட்டம், கடியப்பட்டணம், குளச்சல் போன்ற ஊர்களில் தொழிலை விட்ட பெரியவர்களிடம் ஒரு வரைபடம் இருக்கிறது, மண்டைக்குள். கடலில் மீன் கிடைக்கும் ‘பார்’ எனப்படும் கடலடிப் பாறைத் திட்டை அவர்கள் கரையை வைத்துக் குறித்துவைத்திருக்கிறார்கள். கரையில் உள்ள ஓர் அடையாளம் பின்னாலிருக்கும் மலை உச்சியோடு நேர்கோட்டில் வர வேண்டும், வேறொரு திசையில் இன்னொரு ஜோடியும் அப்படியே சேர வேண்டும். இரண்டு கோடும் வெட்டும் இடம்தான் பார். பிள்ளைகளுக்கு இடங்காட்டிக் கருவியில் (ஜி.பி.எஸ்) புள்ளி குறிக்கத் தெரியும், அந்தப் புள்ளி எதற்கு என்று தெரியாது. இருவரும் ஒரு பெரிய தாளின் முன் உட்கார்ந்து, எந்த அடையாளம் எங்கே என்று குறித்து, வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என ஒவ்வொரு காற்றிலும் கடல் எப்படி மாறும் என்பதையும் பக்கத்தில் எழுதினால், பத்து வாரத்துக்கு வேலை உண்டு. சில அடையாள மரங்கள் இன்று இல்லை. எது போயிற்று என்று குறிப்பதே ஒரு வாரம் எடுக்கும்.

காலத்தைப் பார்த்துத் தொடங்க வேண்டும். விசைப்படகுகளுக்கான தடைக்காலம் நம் மாவட்டத்தில் இரண்டாகப் பிரிகிறது: கிழக்குக் கடற்கரைக் கணக்கில் வரும் சின்னமுட்டத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்குப் பக்கம் குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணத்தில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. அந்த நாட்களில் நடுவயதுக்காரர்களும் கரையில் இருப்பார்கள், எட்டிப் பார்ப்பார்கள், திருத்துவார்கள். அது நல்லதே.

எத்தனை பேர், எத்தனை வாரம், எந்த நேரம்

முதல் முறைக்கு 8 முதியவர்கள், 9 அல்லது 10 இளையவர்கள், நடத்த 2 பேர் போதும். பெரியவர்களைவிடப் பிள்ளைகள் ஒன்றிரண்டு கூடுதலாக இருக்க வேண்டும். ஒரு பிள்ளை வராத நாளில் ஒரு பெரியவர் தனியே உட்கார்ந்திருப்பதைப் போல மனம் நோகடிப்பது வேறில்லை. 20-ஐத் தாண்டினால் சத்தத்தில் காது கேளாது.

வாரம் ஒரு நாள், 90 நிமிடம், 10 வாரம். அந்த 90 நிமிடத்தில் வந்து அமர 10, பேசித் தொடங்க 15, வேலைக்கு 40, சாயாவுக்கு 15, அடுத்த வாரத்தைப் பேசி முடிக்க 10 என்று வைத்துக்கொள்ளலாம். சாயா நேரத்தைக் குறைக்காதீர்கள், உண்மையான பேச்சு அங்கேதான் நடக்கும். சீனி போட்டதும் போடாததும் தனித்தனிப் பாத்திரத்தில் வேண்டும், கடிக்கச் சுண்டல் நல்லது. சர்க்கரைக்கு ஊசியோ மாத்திரையோ எடுப்பவர்களுக்குச் சாப்பாட்டு நேரம் தள்ளினால் தலைசுற்றல் வரும் என்பதால், நேரத்தை நீட்டிக்கொண்டே போகக்கூடாது.

ஏன் 10 வாரம்? முதல் இரண்டு வாரம் எல்லோரும் மரியாதைக்காகச் சிரிப்பார்கள். மூன்றிலும் நான்கிலும் சலிப்பு வரும், ஓரிருவர் நின்றுவிடுவார்கள். ஐந்துக்குப் பிறகுதான் ஒருவர் வராவிட்டால் மற்றவர் ‘என்னாச்சு?’ என்று கேட்கத் தொடங்குவார். நாலு வாரத்தோடு முடிப்பவர்கள் ஒட்டுக்கட்டிய நாடாவைப் பச்சை வரும் முன்பே அவிழ்ப்பவர்கள். அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் 60 வயதைக் கடந்தவர்கள் தொடக்கப் பள்ளிகளில் உதவும் திட்டத்தில் வாரம் 15 மணி நேரம் வீதம் கல்வியாண்டு முழுக்க வந்தார்கள். நெதர்லாந்தின் டெவென்டர் நகர முதியோர் இல்லம் ஒன்றில் மாணவர்கள் வாடகையின்றித் தங்குகிறார்கள், ஈடாக மாதம் 30 மணி நேரம் அங்குள்ளவர்களுக்கு நல்ல அண்டைவீட்டாராக இருக்க வேண்டும். அங்கெல்லாம் கணக்கு மணி நேரத்தில் இருப்பதைக் கவனியுங்கள்.

நம் ஊருக்கு ஜூன் நடுவிலிருந்து ஆகஸ்டு இறுதி வரை பொருந்தும். தேர்வு நெருக்கடி இல்லை, ஐப்பசி மழை இன்னும் தொடங்கவில்லை. ஓணம் அந்தப் பக்கம் வந்தால் ஒரு வாரம் விட்டுக்கொள்ளலாம். சனிக்கிழமை காலை 10.30 மணி நல்லது, கடற்கரையில் ஞாயிறு பூசை முடிந்த பிறகு. பத்தாம் வகுப்பையும் பன்னிரண்டாம் வகுப்பையும் சேர்க்காதீர்கள், பெற்றோர் பாதியில் நிறுத்திவிடுவார்கள். கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களுக்கு ஆண்டுக்கு 120 மணி நேரச் சேவைக் கணக்கு இருப்பதால் அவர்கள் தொடர்ந்து வர வாய்ப்பு அதிகம்.

எங்கே கெட்டுப்போகும்

ஆயத்தம் இல்லாததுதான் பெரும்பாலான தோல்விக்குக் காரணம். தொடங்கும் முன் பிள்ளைகளைத் தனியாக ஒரு மணி நேரம், பெரியவர்களைத் தனியாக ஒரு மணி நேரம் சந்தித்துவிடுங்கள். பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியதில் முக்கியமானது காது. முதுமையில் முதலில் மங்குவது உச்சத் தொனி, அதாவது கீச்சென்ற ஒலிகள். ச, த, ப போன்ற மெய்யொலிகள் கரைந்து, உயிரொலிகள் மட்டும் கேட்கும். அதனால்தான் ‘சத்தம் கேக்குது, என்ன சொல்லுதன்னு விளங்கல’ என்கிறார்கள். கத்தினால் உயிரொலிதான் பெரிதாகும், தெளிவு வராது. முகம் தெரியும்படி எதிரே அமர்ந்து, குரலின் தொனியைத் தாழ்த்தி, நிதானமாகப் பேசினால் விளங்கும். வெளிச்சம் பேசுபவர் முகத்தில் விழ வேண்டும், ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்காரக்கூடாது. அச்சிட்டுக் கொடுப்பது எதுவானாலும் எழுத்து 18 புள்ளி அளவுக்குக் குறையாமல் இருக்கட்டும்.

கேள்வி கேட்கவும் பழக்க வேண்டும். ‘உங்க காலத்துல எப்படி இருந்துச்சு?’ என்றால் ‘எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு’ என்ற பதில்தான் வரும். ‘பள்ளிக்கூடத்துக்கு எந்த வழியா நடந்தீங்க, வழியில ஆறு குறுக்கிட்டா என்ன செஞ்சீங்க?’ என்று கேட்டால் அரை மணி நேரம் போதாது. 1956 நவம்பர் 1-இல் இந்த மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்தபோது பத்து வயதாவது இருந்தவர்கள் இப்போது எண்பதை ஒட்டியவர்கள். அந்த நாளைப் பொதுவாகக் கேட்பதைவிட, அந்த வருடம் கையில் இருந்த பாடப்புத்தகம் எந்த மொழியில் இருந்தது என்று கேட்பது மேல்.

இடம். இதைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட வேண்டும். ஒரு சமுதாயத்தின் மண்டபத்திலோ, ஒரு சபையின் அரங்கிலோ நடத்தினால் அந்தச் சமுதாயத்தார், அந்தச் சபையார் மட்டுமே வருவார்கள். மற்றவர்கள் வாசல் வரை வந்து திரும்புவார்கள். ஊர்ப்புற நூலகம், அரசுப் பள்ளி, பஞ்சாயத்துக் கட்டடம் ஆகியவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். சாயா எல்லோருக்கும் ஒரே மாதிரி டம்ளரில் வர வேண்டும். சம தரம் என்று மேலே சொன்னது வயதுக்கு மட்டுமல்ல.

கட்டடத்தைப் பார்க்கும்போது முதலில் கழிப்பறையைப் பாருங்கள். நாற்காலி போன்ற இருக்கையும், பிடித்து எழக் கம்பியும், ஈரமில்லாத தரையும் வேண்டும். அது சரியில்லை என்றால் பெரியவர்கள் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் வருவார்கள், பிறகு வராமலே நிற்பார்கள். காரணத்தை வெளியே சொல்லவும் மாட்டார்கள். நாற்காலிக்குக் கைப்பிடி வேண்டும், உயரம் 45 செண்டிமீட்டர் அளவில். மினுமினுப்பான தரையில் தேய்ந்த பிளாஸ்டிக் நாற்காலி வழுக்கும், எழும்போதுதான் விழுவார்கள். விளவங்கோட்டு ஏற்ற இறக்கங்களில் நடந்து வரச் சொல்லாமல், இரண்டு ஆட்டோவைப் பேசி வைப்பதே செலவில் முதன்மையானது.

பாதுகாப்புக்குச் சில விதிகள். கதவு திறந்தே இருக்கட்டும். ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் தனியறையில் இருக்க வேண்டாம், நடத்துபவருக்கும் இது பொருந்தும். 18 வயதுக்குக் கீழுள்ளவர்களுக்குப் பெற்றோரின் எழுத்து ஒப்புதல் வேண்டும். படம் எடுக்க இரு பக்கத்து அனுமதியும் வேண்டும். காய்ச்சல், இருமல் உள்ளவர் அந்த வாரம் வீட்டிலேயே இருக்கட்டும். குழந்தைகளுக்கான 1098, முதியோருக்கான 14567 ஆகிய உதவி எண்களைச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.

பிடித்ததா என்று எப்படித் தெரியும்?

படிவம் எதுவும் தேவையில்லை. ஆறாவது வாரம், தொடங்கும் நேரத்துக்கு முன்பே வந்து பேசிக்கொண்டிருப்பவர்கள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். ஒவ்வொருவரிடமும் தன் மேசைக்காரரின் பெயரையும், அவரைப் பற்றிய ஒரு செய்தியையும் கேளுங்கள். திங்கள்சந்தையிலோ வடசேரியிலோ எதிர்ப்பட்டால் நின்று பேசினார்களா என்று கேளுங்கள்.

ஒரு பெரியவர் நோயில் விழலாம், இறந்தும் போகலாம். இந்த வயதினரோடு வேலை செய்யும்போது அதற்கும் ஆயத்தமாக இருக்க வேண்டும். பிள்ளைகளிடம் ‘ஊருக்குப் போயிருக்கார்’ என்று மறைக்காதீர்கள். அன்றைய வேலையை நிறுத்தி, நடந்ததைச் சொல்லி, போக விரும்புகிறவர்களை நடத்துபவர் கூட்டிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போய்வர வேண்டும். அவருடைய மேசைப் பிள்ளையை மறுவாரமே வேறொருவரோடு ஜோடி சேர்க்காமல், இரண்டு வாரம் ஏற்கெனவே உள்ள ஒரு ஜோடியோடு மூன்றாவது ஆளாக உட்கார வையுங்கள்.

கடைசி வாரம் எது என்பதை முதல் வாரமே சொல்லியிருக்க வேண்டும், எட்டாம் வாரத்தில் திரும்பவும். பத்தாம் வாரம் விழா வைத்தால் சிறியதாக இருக்கட்டும். செய்து முடித்ததை மேசையில் வையுங்கள்: முடைந்த பெட்டிகள், கடல் வரைபடம், எழுதிய நோட்டு. வரைபடத்துக்கும் நோட்டுக்கும் இரண்டு நகல் எடுத்து, ஒன்றை நூலகத்தில் கொடுத்துவிட்டு, மற்றதைச் சொன்ன பெரியவரின் வீட்டுக்குப் பிள்ளையே கொண்டுபோய்க் கொடுக்கட்டும். அட்டையில் இருவர் பெயரும் இருக்க வேண்டும்.